கேட்டா மட்டும் எந்திரிக்கிற சர்வீஸ்

லினக்ஸ் சர்வர்ல எக்ஸ்ஐனெட்டினு ஒரு ப்ரோக்ராம் இருந்துச்சு. இப்போ வேலைக்கு சேர்ற பசங்கள்ல பாதி பேருக்கு அது பேரே தெரியாது, தெரிஞ்சவங்களும் "அது அந்த காலத்துல மெமரி மிச்சம் பண்றதுக்கு வச்சிருந்தது, இப்போ எதுக்கு"னு தான் கேப்பாங்க. கிண்டில ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல பழைய சர்வர்களை புதுசுக்கு மாத்துற வேலை பார்த்ததுக்கு அப்புறம், மெமரி எல்லாம் அதுல சின்ன விஷயம்னு தான் எனக்கு தோணுது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஹோட்டல்ல இட்லி முன்னாடியே அவிச்சு வச்சிருப்பாங்க, தோசை ஆர்டர் வந்தா தான் ஊத்துவாங்க இல்லையா, சர்வீஸ்லயும் அப்படி ரெண்டு ரகம். வெப் சர்வர் மாதிரி எப்பவும் ஆள் வர்றது சும்மாவே ஓடிட்டு இருக்கும். எப்பவாவது கேக்குற டிஎஃப்டிபி, ஆர்சிங்க் (ரெண்டும் ஃபைல் அனுப்பி வாங்குற சர்வீஸ்) மாதிரி ஆளுங்களுக்கு தனித்தனியா ஒரு ப்ராசஸ் எதுக்குனு, ஒரே ஒரு டீமன், அதாவது பின்னாடி சத்தமில்லாம ஓடுற ப்ரோக்ராம், எல்லா போர்ட்டையும் (ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு கதவு நம்பர்) பாத்துட்டு உக்காந்திருக்கும், எவனாவது கனெக்ட் பண்ணா அந்த ப்ரோக்ராமை எழுப்பி கையில கொடுத்துடும். 1986-ல வந்த 4.3 பிஎஸ்டிங்கிற யூனிக்ஸ்ல ஐனெட்டிங்கிற பேர்ல இது இருந்துச்சு, சில மெகாபைட் மெமரி வச்சு ஒரு டிபார்ட்மெண்டே வேலை பார்த்த காலம் அது. அப்புறம் 2000-ல ரெட் ஹேட் 7 வந்தப்போ எக்ஸ்ஐனெட்டிக்கு மாறினாங்க, 2022-ல வந்த ரெட் ஹேட் என்டர்ப்ரைஸ் 9-ல அதையும் தூக்கிட்டாங்க, இனிமே சர்வீஸ் எல்லாத்தையும் ஓட்டுற சிஸ்டம்டியோட சாக்கெட் யூனிட் (எந்த போர்ட்டை பாக்கணும்னு சொல்ற ஃபைல்) தான்.

எங்க வேலையும் அதனால தான் வந்துச்சு. பழைய மெஷின்ல எக்ஸ்ஐனெட்டி டாட் டி டைரக்டரிக்குள்ள கொஞ்சம் ஃபைல்ங்க, அதுல ஒண்ணு டிஎஃப்டிபி, புது கம்ப்யூட்டர் எல்லாம் நெட்வொர்க்ல பூட் ஆகுறதுக்கு. இன்னொண்ணு மாதவரம் குடோன்ல இருக்கிற ஸ்கேனர்ங்க ஸ்டாக் கேக்குறதுக்கு, ரிட்டயர் ஆன பழைய அட்மின் சார் எப்பவோ எழுதின பெர்ல் ஸ்கிரிப்ட். மைக்ரேஷன் எடுத்த வெண்டர் கொடுத்த லிஸ்ட்ல போர்ட் நம்பர், ப்ரோக்ராம் பேர், "ஓபன் ஆகுதா: எஸ்", அவ்ளோதான்.

டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு அந்த பெர்ல் ஸ்கிரிப்டை பார்த்துட்டு, "அண்ணா, இதுல சாக்கெட் கோடே இல்லையே, எப்படி நெட்வொர்க்ல பேசுது"னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி. இல்லம்மா, அது சும்மா கீபோர்டுல இருந்து படிக்கிற மாதிரி ஒரு வரி படிக்கும், ஸ்க்ரீன்ல எழுதுற மாதிரி ஒரு வரி எழுதும், டீமன் தான் அந்த கனெக்‌ஷனை ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட், எர்ரர் மூணுலயும் சொருகி விடுதுனு சொன்னேன். எனக்கு இன்னைக்கும் பிடிச்ச விஷயம் இது தான், நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்சா போதும், நெட்வொர்க் சர்வர் ரெடி.

ஆனா மூணாவது ஒயர் தான் வினை. எர்ரரும் அதே கனெக்‌ஷன்ல தான் போகும். புது மெஷின்ல பெர்ல் வெர்ஷன் புதுசு, பழைய ஸ்கிரிப்ட்ல ஏதோ ஒரு வரிக்கு வார்னிங் அடிச்சுது, டெஸ்ட் பண்ணப்போ ஸ்கேனர் அந்த வார்னிங்கையே பதில்னு எடுத்துக்கிச்சு, அளவு காட்ட வேண்டிய இடத்துல என்னென்னமோ எழுத்து. வெண்டர் ஆளுங்க நெட்வொர்க் கேபிள் வரைக்கும் மாத்தி பார்த்தாங்க. கடைசில யூனிட் ஃபைல்ல ஸ்டாண்டர்ட் எர்ரரை ஜர்னலுக்கு (சிஸ்டம்டியோட லாக்) திருப்பி விட ஒரே வரி, முடிஞ்சுது.

டிஎஃப்டிபி ஃபைல்ல வெயிட்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு எஸ்-ஸா நோ-வானு நிறைய பேர் காயின் சுண்டி தான் போடுறாங்கனு நினைக்கிறேன். நோ-ன்னா டீமனே கனெக்‌ஷனை வாங்கி ஒவ்வொருத்தருக்கும் ஒரு ப்ராசஸ் எழுப்பிட்டு திரும்ப போர்ட்டை பாக்கும். எஸ்-ன்னா போர்ட்டையே ப்ரோக்ராம் கையில கொடுத்துட்டு அது சாகுற வரைக்கும் எட்டிக்கூட பாக்காது. டிஎஃப்டிபி யுடிபில ஓடுது, அதுல வாங்குறதுக்கு கனெக்‌ஷனே கிடையாது, வெறும் பேக்கெட் தான், அதனால எஸ் தான் போடணும், அது எந்திரிச்சா அடுத்த ரிக்வெஸ்ட்டுக்காக 900 செகண்ட் முழிச்சிருந்துட்டு தான் தூங்கப் போகும். நோ போட்டா என்ன ஆகும்னா, வந்த பேக்கெட்டை இன்னும் யாரும் படிக்கலை, அது வாசல்லயே நிக்குது, டீமன் திரும்ப பாக்கும், ஐயோ ஆள் வந்திருக்குனு இன்னொரு ப்ராசஸ், திரும்ப இன்னொண்ணு. பழைய ஐனெட்டி இதுக்கு "லூப் ஆகுது, சர்வீஸை நிறுத்திட்டேன்"னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு கொஞ்ச நேரம் கதவை சாத்திடும். (இன்னொரு கூத்து, அந்த ஃபைல்ங்கள்ல டிஸேபிள் ஈக்வல்ஸ் நோ-ன்னா தான் ஓடும், ஆன் பண்றோம்னு நினைச்சு எஸ் போட்டுட்டு அரை நாள் தேடுற ஆளுங்களை நிறைய பார்த்திருக்கேன்.)

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். அந்த ஸ்டாக் ஃபைல்ல ஒன்லி ஃப்ரம் வரில குடோனோட ஐபி ரேஞ்ச் மட்டும் இருந்துச்சு, ஒரு ஐபிக்கு இத்தனை கனெக்‌ஷன் தான்னு பெர் சோர்ஸ் இருந்துச்சு, அப்புறம் ஆக்சஸ் டைம்ஸ், காலைல 6:00-ல இருந்து ராத்திரி 22:00 வரைக்கும். வெண்டர் லிஸ்ட்ல இந்த மூணுமே கிடையாது, போர்ட் ஓபன் ஆனா போதும் அவங்களுக்கு. டைம் எதுக்குனு எங்க யாருக்கும் புரியலை. பழைய சாருக்கு போன் அடிச்சேன், மாம்பலத்துல தான் இருக்காரு. "ஏன்ப்பா, பத்து மணிக்கு மேல கணக்கை மொத்தமா போடுற நைட் பேட்ச் ஓடும்ல, அப்போ ஸ்டாக் பாதி கழிச்சு பாதி கழிக்காம இருக்கும், அந்த நேரத்துல ஸ்கேன் பண்ணா தப்பு கணக்கு தான் வரும், அதுக்கு தான் பூட்டி வச்சேன்"னாரு. டாக்குமெண்ட்ல இல்ல, பெர்ல் ஸ்கிரிப்ட்லயும் இல்ல, கம்பெனிக்கு தெரிஞ்ச ஒரு விஷயம் இந்த ஒரு வரில மட்டும் தான் இருந்திருக்கு. யாரை விடணும், எத்தனை பேரை, எந்த நேரத்துலனு எழுதி வைக்க அவருக்கு கிடைச்ச ஒரே இடம் அந்த ஃபைல், இதை மெமரி மிச்சம்னு சொல்லி தூக்கிப் போட்டா எப்படி.

சிஸ்டம்டில முதல் ரெண்டும் ஈஸி. ஐபிக்கு அலோ, டினை வரிங்க இருக்கு, டினை எனினு சேர்த்து எழுதலைனா அலோவுக்கு அர்த்தமே இல்ல, அதையும் பார்த்துக்கணும். பெர் சோர்ஸுக்கும் தனி வரி இருக்கு. டைமுக்கு தான் நேரா ஒண்ணும் இல்ல. ஆறு மணிக்கு சாக்கெட்டை ஸ்டார்ட் பண்ண ஒரு டைமர், பத்து மணிக்கு நிறுத்த ஒரு டைமர், நிறுத்துற கமாண்டுக்கு ஒரு குட்டி சர்வீஸ், அப்புறம் சாக்கெட் யூனிட், கனெக்‌ஷனுக்கு ஒண்ணா எந்திரிக்கிற டெம்ப்ளேட் சர்வீஸ், ஆக ஒரு ஃபைல்ல இருந்தது அஞ்சு ஃபைல் ஆச்சு. இது முன்னேற்றம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் ரீபூட் ஆனா அண்ணா?"னு அந்த பொண்ணு கேட்டுச்சு பாருங்க. ஆமா, பூட்ல சாக்கெட் தானா திறந்துக்கும், பேட்ச் நடுவுல. சாக்கெட் யூனிட்லயே ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடி ஓடுற ஒரு கமாண்ட் வைக்கலாம், அதுல மணி பார்த்து, அந்த நேரத்துக்குள்ள இல்லைனா ஃபெயில் ஆக விட்டோம், போர்ட்டே திறக்காது. மானிட்டரிங்ல அது ராத்திரி ரெட்ல காட்டும்னு நெட்வொர்க்கை கண்காணிக்கிற என்ஓசி ஆளுங்க முணுமுணுத்தாங்க, காட்டட்டும்னு விட்டாச்சு. அஞ்சு ஃபைல் தலையிலயும் எதுக்கு இந்த நேரம்னு கமெண்ட் எழுதச் சொன்னேன், அந்த பொண்ணு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சுட்டு பாதில நிறுத்தி தமிழ்லயே டைப் பண்ணிடுச்சு: "நைட் பேட்ச் ஓடும்போது ஸ்டாக் தப்பா காட்டும், குடோன்ல கேக்காம இதை எடுக்காதீங்க."