நூல் முட்டிய இடம்

2001 ஜனவரி 26, காலை 8.46-க்குக் குஜராத்தின் கட்ச் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கியது. நான் பச்சாவ் பக்கம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகிவிட்டது. கையில் படிவக் கட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டு, சின்னச் சுத்தியல். ஒவ்வொரு வீட்டுக்கும் சேதத்தைப் பார்த்து ஜி1 முதல் ஜி5 வரை தரம் போட வேண்டும். மயிரிழை விரிசல் என்றால் ஜி1, தரைமட்டம் என்றால் ஜி5. இந்த இரண்டிலும் குழப்பம் வராது. நடுவில் இருப்பவற்றில்தான் பேனா நின்றுவிடும். உதவித்தொகை அந்தத் தரத்தைப் பார்த்துத்தான் வரும்.

ஊருக்குள் பெரும்பாலும் ஒழுங்கற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். பார்க்க ஒரே சுவர்தான். ஆனால் உள்முகம் தனி, வெளிமுகம் தனி, நடுவே சில்லுக்கல். இரண்டையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லாவிட்டால் குலுக்கலில் பிரிந்துவிடும். 1993 நிலநடுக்கத்தில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பக்கம் அத்தனை உயிர்களை வாங்கியதும் இந்த மாதிரிச் சுவர்தான். கட்சிலேயே பன்னி என்ற புல்வெளிப் பகுதியில் மண்ணால் கட்டிய வட்டமான புங்கா வீடுகள் பல அசையாமல் நின்றதைப் பார்த்தபோது, படித்த படிப்பின் மேலேயே எனக்கு வருத்தம் வந்தது.

ஒரு வீட்டில் வயதான அம்மா கையைப் பிடித்து உள்ளே காட்டினார். வெள்ளையடித்த சுவரில் கீறல் இல்லை. பித்தளைக் குடங்கள் பரணில் அப்படியே இருந்தன. பென்சிலால் ஜி2 என்று குறித்துவிட்டு, வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். சுவர் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினேன். இடுப்பு உயரத்தில் நூல் சுவரில் முட்டி வளைந்தது. வெளிமுகம் வயிறு தள்ளியிருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளென்ற சத்தம். ஜி2-ஐ அழித்தேன்.

எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. "திக்ரா (மகனே), இன்னைக்கு ராத்திரி உள்ளே படுக்கலாமா?" கூட வந்த பையன் மொழிபெயர்த்தான். கூடாரத்துக்குள் பேரக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. பிப்ரவரிக் குளிர்.

பணத்துக்கான கணக்கும் உள்ளே போகலாமா என்பதற்கான பதிலும் ஒரே தாளில் வரக் கூடாது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். பதிலை முதல் சில நாட்களிலேயே கதவில் எழுதி ஒட்டிவிட வேண்டும். கணக்கை நிதானமாக, வீட்டைச் சுற்றிவந்து போடலாம். மூன்று வாரமாக அந்த அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"வேண்டாம்மா" என்றேன். பின்சுவர்ப் பக்கம் யாரும் நடக்காதபடி கயிறு கட்டினோம். வாசலோரம் கிடந்த கட்டிலை மட்டும் இழுத்து வெளியே போட்டுக் கொடுத்தோம்.