வெளிவராத கடைவாய்ப் பல்

என் இளைய மகளுக்கு ஏழு வயது நிரம்பியபோது, ஆறாம் வயதில் முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்களில் மூன்று வந்துவிட்டிருந்தன. மேல் வலப்புறத்தில் மட்டும் பால்பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறுதான் இருந்தது. முதலில் காட்டிய மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “தானே வரும்” என்று அனுப்பிவிட்டார். ஆறு மாதம் காத்திருந்தோம். இப்படிப் பால்பல்லில் சிக்கி வராமல் நிற்கும் மேல் கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே விடுபட்டு இறங்கிவிடும் என்பதால், அவர் சொன்னது தவறென்று சொல்லமாட்டேன். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம் என்பதே என் குறை.

பிறகு மார்த்தாண்டத்தில் குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் சென்றோம். வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயை முதலில் எடுத்தார்கள். தகட்டைக் கடிக்கச் சொன்னபோது மகள் இரண்டு முறை ஓங்கரித்தாள். “மக்களே, மூக்கு வழியா மூச்சு விடு, அனங்காம இரு” என்று படம் எடுத்த பெண் சொன்ன பிறகு மூன்றாம் முறை சரியாக விழுந்தது.

திரையில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. நேராக இறங்க வேண்டிய நிலைப்பல் முன்புறம் சாய்ந்து, அதன் முனை பால்பல்லின் பின்புறக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் பால்பல்லின் பின்வேர் எலி கரம்பிய இளநீர்க் கருக்கைப் போலப் பிறைவடிவில் அரித்துப்போயிருந்தது. பிள்ளைக்கு வலியே இல்லாததால், வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்து, தலையைச் சுற்றி இயந்திரம் சுழன்று இரு தாடைகளையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எடுக்க வேண்டும் என்றார்கள். வேறு பற்கள் சிக்கியுள்ளனவா, மற்றப் பால்பற்களுக்கு அடுத்து வர வேண்டிய பற்களின் முளைகள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் சிறிய படம் காட்டாது. உடன் வந்திருந்த என் மாமியார், சின்னப் பிள்ளைக்கு இத்தனை கதிர் எதற்கு என்று தடுத்தார். ஓ.பி.ஜி.யின் கதிர்வீச்சு ஏறத்தாழ 20 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). உலகில் சராசரி மனிதர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார், அதாவது இந்தப் படம் மூன்று நாள் கணக்கு. தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அந்தச் சராசரியைவிட அதிகம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். தேவையில்லாத படம் சிறிய அளவானாலும் தேவையில்லாததே.

ஓ.பி.ஜி.யில் எல்லாப் பல்முளைகளும் இருந்தன, இடமும் இருந்தது. பல் கன்னப் பக்கம் இருக்கிறதா, அண்ணப் பக்கம் இருக்கிறதா என்பதைத் தட்டையான படம் சொல்லாது. அது தெரிந்தாக வேண்டிய சிக்கலான பற்களுக்கு மட்டுமே முப்பரிமாண ஸ்கேன் என்றார் மருத்துவர். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஏழு வயதைத் தாண்டியும் விடுபடாததால் இனிக் காத்திருக்க வேண்டாமென்று, இரு பற்களுக்கும் இடையே மெல்லிய பித்தளைக் கம்பியை நுழைத்து முறுக்கிவிட்டார். இரு வாரத்துக்கு ஒரு முறை அதை இறுக்கினார்கள். நான்காம் முறை சென்றபோது ஈறில் அரிசிமணி அளவுக்கு வெள்ளை தெரிந்தது. இரண்டு படங்களின் நகலையும் கேட்டு வாங்கிக் கைபேசியில் வைத்திருக்கிறேன். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டியிராது.