மீதி பதினான்கு கண்ணாடி

அக்டோபர் 11, 2022

டப்பாவைக் கவிழ்த்து எண்ணிவிட்டேன். என் சோலார் செல்லுக்கான எஃப்.டி.ஓ. கண்ணாடி (ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் பூச்சு உள்ளது) பதினான்கு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஓரம் உடைந்தது மூன்று, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுக் கண்ணாடிக்கான பில் ஆபீசில் நிற்கிறது. டிசம்பருக்கு முன் வராது. ஃபெல்லோஷிப் நவம்பரோடு முடிகிறது.

பதினான்கு போதும். போத வேண்டும்.

அக்டோபர் 12

காலை முழுக்க கழுவுவதிலேயே போனது. சோப்புத் தண்ணீர், டி.ஐ. வாட்டர் (அயனி நீக்கிய தண்ணீர்), அசிட்டோன், ஐ.பி.ஏ. ஆல்கஹால். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம், ஒலி அதிர்வில் கழுவும் சோனிகேட்டரில். பிறகு மல்டிமீட்டர் முனையை வைத்துப் பார்த்து, பீப் வராத பக்கத்தின் மூலையில் ஒரு கீறல். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சுழற்றிப் பூசும் ஸ்பின் கோட்டரில் ஜிங்க் அசிடேட் மூன்று முறை, 350 டிகிரியில் அரை மணி. அதுதான் விதை. விதை விழுந்த இடத்தில்தான் ஜிங்க் ஆக்சைடு நானோ கம்பி முளைக்கும். ஐந்து மில்லிமீட்டர் சதுரம் விட்டு மற்ற இடமெல்லாம் டேப் ஒட்டுவது அதற்காகத்தான். அப்புறம் ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்சமைனும் 25 மில்லிமோலார் சம அளவில், 90 டிகிரி, நான்கு மணி நேரம். கண்ணாடி முகம் கவிழ்ந்து சாய்ந்து நிற்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் கரைசலிலேயே உண்டாகும் வெள்ளைத் தூள் மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

மூடியைத் திறந்ததும் அந்த அம்மோனியா நெடி. ஐந்து வருடமாக என் துப்பட்டாவில் இருக்கும் வாடை. கண்ணாடியில் சாக்பீஸ் கையால் தொட்ட மாதிரி மெல்லிய வெண்மை. நன்றாக முளைத்திருக்கிறது. நாளை மறுபடி விதை போட்டு, கம்பி மேல் கிளை வளர்க்க வேண்டும்.

மீதி 12.

அக்டோபர் 13

டயாலிசிஸில் அப்பாவுக்கு இன்று 2.9 கிலோ தண்ணீர் எடுத்தார்கள். போன தடவை 2.4. எங்கேயோ கூடுதலாகக் குடித்திருக்கிறார். ஒரு நாளைக்கு 700 மில்லி என்று டாக்டர் சொன்னதற்காக லேபிலிருந்து ஒரு பழைய அளவுக் குவளையைக் கேட்டு வாங்கி வரலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அதில் என்னென்ன ஊற்றினோமோ. கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை வாங்கிக் கொடுத்தேன். காபி, மோர், ரசம், மாத்திரை போடும் தண்ணீர் எல்லாமே அதில்தான்.

மெஷினில் நான்கு மணி நேரம். பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சோலார் என்றேன். எங்க வீட்டு மாடியில போட்டா கரன்ட் பில் எவ்வளவு குறையும்மா என்றார். என் செல் ஐந்து மில்லிமீட்டர். அவருக்கு அதை எப்படிச் சொல்வது? மாடியில் போடும் சிலிக்கான் பேனலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 15

கிளை வளரும்போது கரன்ட் போய்விட்டது. ஐம்பது நிமிடம். ஓவன் 90-லிருந்து 61-க்கு இறங்கியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில். தம்பி (ஜூனியர்) போன் செய்து, "அக்கா, எடுத்துடவா, விட்டுடவா?" என்றான். விடு என்றேன். தப்பு. கிளை குச்சி குச்சியாக, பாதி இடத்தில் இல்லை.

இரண்டும் வீண். மீதி 12 என்பது மாறவில்லை, ஆனால் கையில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 18

புதுச் செல். 1.94 சதவீதம்.

அக்டோபர் 19

மறுபடி 31.

மார்ச் மாதம் செய்த செல். நோட்டில் 31 என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சதுர சென்டிமீட்டருக்கு 10.9 மில்லியாம்ப், 0.60 வோல்ட், ஃபில் ஃபாக்டர் (உச்ச கரன்டிலும் வோல்ட்டேஜிலும் உண்மையில் கைக்கு வரும் பங்கு) 0.51. மூன்றையும் பெருக்கினால் 3.34 சதவீதம், விழும் ஒளியில் மின்சாரமாகும் பங்கு. அன்று மாலை லேபில் எல்லோருக்கும் நான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். சார் தோளில் தட்டினார். பேப்பரின் முதல் வரியில் அந்த எண்தான் இருக்கிறது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பேப்பரைப் பரிசீலிக்கும் ரெஃபரி கேட்டால் காட்ட இன்னும் இரண்டு செல்லில் அதே எண் வேண்டும் என்று சார் சொன்னார். அதற்காகத்தான் இந்தப் பதினான்கு.

அதற்கப்புறம் ஏழு மாதம். வெறும் கம்பி என்றால் 0.9. கிளை விட்டால் 1.9, 2.1, 2.2. மூன்றைத் தொடவே இல்லை. விதைக் கரைசலை மாற்றினேன். ஹெக்சமைன் புதுப் பாட்டில். வளர்க்கும் நேரம் ஐந்து மணி, ஆறு மணி. எதுவும் இல்லை.

கிளை விடும் யோசனையே தவறு என்று நான் நினைக்கவில்லை. தூளை அடுக்கிய படலத்தில் எலக்ட்ரான் ஒரு துகளிலிருந்து அடுத்ததற்கு என்று தடுக்கித் தடுக்கித்தான் போக வேண்டும். ஒற்றைக் கம்பியில் நேர் வழி. ஆனால் கம்பிகளுக்குப் பரப்பு குறைவு, ஒளியை வாங்கும் சாயம் ஒட்ட இடமில்லை. 2005-இல் பெர்க்லியில் பெய்டோங் யாங் குழு செய்த ஜிங்க் ஆக்சைடு கம்பிச் செல்லே 1.5 சதவீதம்தான். 2011-இல் கொரியக்காரர்கள் கம்பியைக் காடு மாதிரி கிளைக்க விட்டு 0.45-இலிருந்து 2.63-க்குக் கொண்டு போனார்கள். அந்தப் படத்தை முதல் வருடம் பார்த்தபோதே இதுதான் என்று தோன்றிவிட்டது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

31-இல் நான் என்ன செய்தேன்?

அக்டோபர் 21

சாயத்தில் எவ்வளவு நேரம்?

என்719 அமிலத்தன்மை உள்ள சாயம். டைட்டானியம் டை ஆக்சைடு அதில் ராத்திரி முழுக்கக் கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஜிங்க் ஆக்சைடு கரையும். கரைந்த ஜிங்க் சாயத்தோடு கூடிக் கட்டி கட்டியாகக் கம்பிகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்கு நல்ல அடர் நிறம். கரன்ட் வராது. அந்தக் கட்டியில் ஒளி விழும், எலக்ட்ரான் கம்பிக்கு வந்து சேராது. சீக்கிரம் எடுத்தால் சாயம் பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ இருக்கிற சின்ன இடத்தில்தான் என் வேலை முழுக்க.

இன்று மூன்று செல்: 60, 90, 120 நிமிடம். 2.02, 2.15, 1.6.

2.15-இல் 7.2 மில்லியாம்ப், 0.61, 0.49. வோல்ட்டேஜும் ஃபில் ஃபாக்டரும் கிட்டத்தட்ட 31 மாதிரியே இருக்கின்றன. கரன்ட் மட்டும்தான் இடிக்கிறது. எப்போதும் கரன்ட் மட்டும்தான்.

மீதி 8.

அக்டோபர் 24

தீபாவளி. அப்பா லேகியம் ஒரு உருண்டை கேட்டார். கொடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள்.

அக்டோபர் 25

சூரிய கிரகணம். செவ்வாய்க்கிழமை, அப்பா மெஷினில். கோயில்களை மதியமே சாத்திவிட்டார்கள். கிரகணம் விடுவதற்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது என்று டயாலிசிஸ் வார்டில் பெரிய பேச்சு. ஒரு பாட்டி இரண்டு மணி நேரத்திலேயே கழற்றச் சொன்னார். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, மெஷினுக்குக் கிரகணம் கிடையாது, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். பாட்டி இருந்தார்.

எங்கள் ஜன்னல் கிழக்குப் பக்கம். பார்க்க முடியவில்லை. அப்பா கண்ணை மூடியபடியே, "பாப்பா, உன் லேபில இருக்கிற சூரியன் எரியுதா?" என்று கேட்டார். எரியுதுப்பா என்றேன். ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன், செனான் விளக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட், சிலிக்கான் ரெஃபரன்ஸ் செல்லை வைத்துச் சரிபார்த்தது. அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்.

அக்டோபர் 27

ஈரம். மூன்று நாளாக மழை. செல்லை மூடும் சர்லின் பிளாஸ்டிக்கை ஒட்டும்போது ஓரத்தில் குமிழி. உள்ளே ஊற்றும் எலக்ட்ரோலைட் கரைசல் கசிந்து விரலெல்லாம் அயோடின் மஞ்சள். மீதி 7.

அப்பா ஐஸ் கட்டி வாயில் போட்டுக்கொள்கிறார். அதையும் குவளையில் கணக்கு வைக்கிறேன்.

அக்டோபர் 28

லோசானில் கிரேட்செல் குழுவின் புதுப் பேப்பர், முந்தாநாள் நேச்சரில் வந்தது. சாயச் செல்லில் 15.2 சதவீதம். இரண்டு சாயம் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஹைட்ராக்சாமிக் அமில மூலக்கூறைப் பரப்பில் ஒட்ட வைத்துவிட்டால், பின்னால் வரும் சாயம் நெருக்கமாக, ஒழுங்காக வந்து நிற்கிறது. ஓ'ரீகனும் கிரேட்செல்லும் 1991-இல் ஆரம்பித்தபோது ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். முப்பத்தொரு வருடமாக அதே மனிதர் அதே பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை படித்தேன். உடம்பு சிலிர்த்தது.

பக்கத்து மேஜைப் பெண் பெரோவ்ஸ்கைட் என்ற வேறு வகை சோலார் செல் செய்கிறாள். அதில் இன்றைய தேதிக்கு ரெக்கார்டு 25.7 சதவீதம். "இன்னும் ஜிங்க் ஆக்சைடா அக்கா?" என்று நேற்றும் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டால் இந்தப் பேப்பரைக் காட்டியிருப்பேன். ஒரு பொருள் பழசாகிவிட்டது என்று யார் முடிவு செய்வது? 90 டிகிரி வெந்நீரில் அழுத்தக் கலனும் வெற்றிடமும் இல்லாமல் முளைக்கிற படிகம் வேறு எது இருக்கிறது?

அக்டோபர் 30

31 எங்கே? எந்த டப்பாவில் வைத்தேன்?

நவம்பர் 2

கிடைத்தது. சிலிக்கா ஜெல் போட்ட பழைய ஃபிலிம் டப்பாவில், டிஷ்யூ சுற்றி. எலக்ட்ரோலைட் என்றைக்கோ காய்ந்துவிட்டது. ஓரத்தில் பழுப்புக் கறை. இனி விளக்கின் கீழ் வைத்துப் பயனில்லை. சாயம் வெளிறி ரோஜா நிறத்தில் நிற்கிறது.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தச் சதுரம் கொஞ்சம் பெரியதாகப் பட்டது. கண்தான் என்று நினைத்து இன்று செய்த செல்லைப் பக்கத்தில் வைத்தேன். பெரியதுதான்.

வெர்னியர் காலிப்பர் எடுத்து வந்தேன். ஒரு பக்கம் 6.1 மில்லிமீட்டர். மறுபக்கம் 6.0. மூன்று முறை அளந்தேன். ஓரம் நேர்கோடாக இல்லை, அலை அலையாக வெளியே வழிந்திருக்கிறது. டேப் சரியாக ஒட்டவில்லை. விதைக் கரைசல் டேப்புக்கு அடியில் ஊறிப் போயிருக்கிறது, ஊறின இடமெல்லாம் கம்பி முளைத்திருக்கிறது, முளைத்த இடமெல்லாம் சாயம் ஏறியிருக்கிறது. நோட்டில் என் கையெழுத்தில் பரப்பு 0.25 சதுர சென்டிமீட்டர். அளந்து எழுதியது இல்லை. எப்போதும் 0.25 என்பதால் எழுதியது.

மார்ச்சில் எங்களிடம், அளந்த சதுரத்தில் மட்டும் ஒளி விழ வைக்கும் மாஸ்க் இல்லை. ஜூனில்தான் நடுவில் 0.25 வெட்டிய கறுப்புத் தகடு வந்தது. அதற்குப் பிறகு ஒரு செல்லும் மூன்றைத் தொடவில்லை.

கணக்குப் போடவே கை வரவில்லை. போட்டேன். மொத்த கரன்ட் 2.725 மில்லியாம்ப். அளந்த பரப்பு 0.366-ஆல் வகுத்தால் 7.4. அதே 0.60, அதே 0.51.

2.28.

நவம்பர் 3

தூங்கவில்லை. ஏழு மாதம் என் கைதான் தப்பு செய்கிறது என்று நினைத்தேன். ஹெக்சமைனைக் குறை சொன்னேன், கரன்டைக் குறை சொன்னேன், மழையை. 1.94, 2.02, 2.15, 2.2 எல்லாம் சரியான எண்கள். ஒவ்வொன்றையும் தோல்வி என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எத்தனை பேப்பரில் ஒரே ஒரு நல்ல செல்லின் எண்ணை மட்டும் போடுகிறார்கள். எத்தனை செல் செய்தார்கள், சராசரி என்ன, மாஸ்க் வைத்தார்களா, ஒரு வரி இருக்காது. நானும் அப்படி ஒன்றை எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். இப்போதும் யாருக்கும் தெரியாது. செல் காய்ந்துவிட்டது, அளந்து பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை ஏற்றும் முன் எடை பார்த்தார்கள். செருப்போடு ஏறப் போனார். நர்ஸ், "அப்பா, செருப்பைக் கழட்டுங்க, அந்தக் கால் கிலோ தண்ணின்னு நினைச்சு மெஷின் எடுத்துடும், அப்புறம் மயக்கம் வரும்" என்றார். அவர் கழற்றினார்.

நாளை சாரிடம் சொல்வேன்.

நவம்பர் 4

சொன்னேன். காலிப்பரையும் செல்லையும் மேஜையில் வைத்தேன். அவரே அளந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். பிறகு, "மாஸ்க் வெச்சு எத்தனை செல் இருக்கு?" என்றார். கிளை விட்டது ஒன்பது, வெறும் கம்பி ஆறு. "அப்ப வெறும் கம்பிக்கு ரெண்டு மடங்குக்கு மேல வருதுல்ல, அது நிக்குதுல்ல?" என்றார். நிற்கிறது சார் என்றேன். குரல் வரவில்லை. "முதல் வரியை மாத்தும்மா. எல்லா செல்லையும் டேபிள்ல போடு."

கோபமா, வருத்தமா, தெரியவில்லை. கதவருகே போனதும் திரும்பி, காலிப்பரை லேபிலேயே வை, எல்லோரும் அளக்கட்டும் என்றார்.

நவம்பர் 5

2.3 கிலோ. நன்றாகத் தூங்கினார்.

நவம்பர் 7

ராத்திரி படுக்கும் முன் அப்பாவின் இடது கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) மேல் விரல் வைத்துப் பார்ப்பது வழக்கம். பூனை உறுமுவது மாதிரி உள்ளே ஒரு அதிர்வு ஓட வேண்டும். நர்ஸ் கற்றுக் கொடுத்தது. இன்று ரொம்ப லேசாக இருந்தது. என் விரல் மரத்திருக்கிறதோ என்று அம்மாவை வைக்கச் சொன்னேன். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 8

டாக்டர், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு.

மீதி 5. பேப்பருக்கு இன்னும் மூன்று செல் சேர்த்தால் பன்னிரண்டு ஆகும்.

நவம்பர் 9

காலையிலேயே மூன்று கண்ணாடிக்கும் டேப்பைப் புதிதாக ஒட்டினேன். நகத்தால் நான்கு ஓரமும் அழுத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்து, விதைக்குப் பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் காலிப்பரில் அளந்து நோட்டில் எழுதினேன். 5.0 × 5.1. 5.0 × 5.0. 5.1 × 5.0.

டாப்ளர் 12 மணிக்கு. 10.20-க்குப் பாட்டிலை ஓவனில் வைத்தேன். 2.20-க்கு எடுக்க வேண்டும். தம்பியிடம் சாவி கொடுத்தேன். பாட்டில் கை சுடும், துணி வைத்துப் பிடி, உடனே கண்ணாடியைத் தூக்காதே, தூள் கீழே அடங்கட்டும் என்றேன்.