இயேசு சபை நவதுறவகத்துக்குப் போகும் தம்பிகளுக்கு

"குருப்பட்டம் வாங்க எத்தனை வருஷம் ஆகும் ஃபாதர்?" கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையில் சேர நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தொடக்கப் பயிற்சி தரும் நவதுறவகம் 2 ஆண்டுகள், பிறகு கல்லூரிப் படிப்பு, மெய்யியல், களப்பணி, இறையியல் என்று பத்தாண்டுகளைத் தாண்டிவிடும். படிப்பை உழைத்துப் பிடித்துவிடலாம். மனசுக்குள் ஓடுவதை உள்ளபடி பார்த்து, ஆன்ம வழிகாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லப் பழகுவதுதான் கடினம். அதற்கு இப்போதே தயாராகுங்கள்.

நவதுறவகத்தின் இதயம் 30 நாள் ஆன்மப் பயிற்சி. ஸ்பெயினில் உள்ள மன்ரேசாவில் 1522-23இல் சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் தாமே பட்டு உணர்ந்தவற்றிலிருந்து உருவானது இது. திண்டுக்கல் நவதுறவகமான பெஸ்கி இல்லத்தில் சேர்ந்தாலும் வேறெந்த நாட்டில் சேர்ந்தாலும் இதைச் செய்யாமல் யாரும் இயேசு சபைத் துறவி ஆவதில்லை. முழு மௌனம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று தியானம். முதலில் நம் பாவமும் இறை இரக்கமும், அடுத்து இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்று நான்கு கட்டங்களாகப் போகும்.

தொடக்கத்தில் இனிக்கும். பிறகு ஒருநாள் செபமே வராது. நற்செய்தியை விரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டு ஞாபகம் வாட்டும். 'இது எனக்கான வாழ்க்கை இல்லை, கிளம்பிவிடலாம்' என்று தோன்றும். அந்த வறட்சியில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார் இஞ்ஞாசியார். இன்னொன்றும் சொல்கிறார்: மணி முடியும் முன்பே எழுந்துவிடத் தோன்றினால், ஒரு மணி நேரத்துக்கு மேலும் சற்று உட்கார். எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். தியானம் முடிந்ததும் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எங்கே மனம் நெகிழ்ந்தது, எங்கே இறுகியது. வழிகாட்டியைப் பார்க்கும்போது அதையே சொல்லுங்கள். அவரை மகிழ்விக்க அழகான அனுபவம் எதையும் ஜோடிக்க வேண்டாம். 'இன்று ஒன்றுமே இல்லை ஃபாதர்' என்பதும் அவருக்குத் தேவையான செய்திதான்.

வீட்டிலிருந்தே பழகக்கூடியது ஆன்ம ஆய்வு. இரவில் கால் மணி நேரம் போதும். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு நாளைத் திரும்பிப் பாருங்கள், தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நேரே குற்றப்பட்டியலுக்குப் போய்விடாதீர்கள். நன்றி சொல்லாமல் தொடங்கினால் சீக்கிரம் சோர்ந்துவிடுவோம்.

செபத்தோடு சோதனைப் பணிகளும் உண்டு. கையில் காசில்லாமல் திருப்பயணம், மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை, சமையலறை, கழிப்பறை வேலை. படுக்கையிலிருந்த ஒரு பெரியவருக்குத் தினமும் உடம்பு துடைத்துவிடுவேன். முதுகுப் புண்ணில் துணி பட்டுவிடாமல் ஓரமாகத் துடைப்பதற்கே முழுக் கவனமும் வேண்டும். கீழ்ப்படிதலைப் பற்றி வகுப்பில் கேட்டது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மெய்யியலும் இறையியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்து, அதன் கருத்தை உங்கள் சொந்தத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இறையியல் முடிவில் வரும் வாய்மொழித் தேர்வில் மனப்பாடம் நிற்காது. புரிந்தது மட்டுமே வாயில் வரும்.

கடைசியாக, வீட்டில் பேசிவிட்டுக் கிளம்புங்கள். நவதுறவி எப்போது வேண்டுமானாலும் தாமாக விலகலாம். திருச்சபைச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. ஊரில் பேசுவார்களே என்ற பயத்தில் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுப்பவரும் உண்டு. அது அவருக்கும் கேடு, சபைக்கும் கேடு. 'திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான்' என்று அம்மா அப்பா வாயால் கேட்டுவிட்டுப் போகிறவன், வழிகாட்டியிடம் பயமில்லாமல் பேசுவான்.