பாரிட்ஜ் என்றால் காய்ச்சலா?

7 ஜூலை 2025, திங்கள்

மூன்றாம் ஆண்டுக்கு இன்று ஆங்கிலத்தில் உணவுப் பாடம். 17 பிள்ளைகள். பாதிப் பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன், மீதிப் பேர் செம்பனைத் தோட்டத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். முதல் படத்தில் ஒரு கிண்ணம், மேலே நீல நிறப் பழங்கள், அடியில் 'பாரிட்ஜ்'. நான் வாசித்ததுமே முன்வரிசைப் பெண், "யாருக்குக் காய்ச்சல் டீச்சர்?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் பாரிட்ஜ் என்றால் அரிசிக் கஞ்சி. உடம்பு முடியாதபோது நெத்திலியும் உப்பு முட்டையும் வைத்துக் குடிப்பது. பிரிட்டனில் அதே சொல் ஓட்ஸ் கஞ்சியைக் குறிக்கும். பாலிலோ தண்ணீரிலோ காய்ச்சிக் காலையில் சாப்பிடுவார்கள். ஸ்காட்லாந்தில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கமும் உண்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் 30 நிமிடப் பாடவேளை போய்விட்டது. எட்டுச் சொற்களில் ஒன்றுதான் தேறியது.

8 ஜூலை, செவ்வாய்

விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில், பலகையில் தோசை படம் வரைந்து பக்கத்தில் 'பான்கேக்' என்று எழுதினேன். பல வருடப் பழக்கம். கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், பான்கேக் இனிக்கும். தோசை புளிக்குமே?"

பதில் வரவில்லை எனக்கு. அதே பக்கத்தில் சூஷி சூஷியாகவே இருந்தது, பீட்சா பீட்சாவாகவே இருந்தது. தோசைக்கு மட்டும் ஏன் வேஷம் கட்டுகிறேன்? தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை 'கொழுப்புச் சோறு' என்று மொழிபெயர்த்து எழுதிவைத்தால் எந்தக் கடையில் விற்கும்?

அழித்தேன். தோசை, இட்லி, புட்டு மாயம் (இடியாப்பம்) எல்லாம் சொந்தப் பேரிலேயே ஆங்கில எழுத்தில் ஏறின. அப்புறம் பேரை விட்டுவிட்டு ருசியையும் பக்குவத்தையும் பிடித்துக்கொண்டோம்: சவர், ஸ்வீட், ஸ்பைசி, கிரிஸ்பி, ஸ்டீம்ட், ஃபிரைட். கூடவே ஒரு வாக்கியம்: "இட் இஸ் மேட் ஆஃப் ரைஸ் அண்ட் டால்." வாயே திறக்காத இரண்டு பேர்கூட இட்லியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார்கள். இத்தனை வருடம் பான்கேக்கைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

10 ஜூலை, வியாழன்

துணிப்பைக்குள் சின்னச் சின்ன டப்பாக்கள். கண்ணை மூடி மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டை, எலுமிச்சை, மிளகு எல்லாம் நன்றாகப் போனது. பெலாச்சான் (இறால் விழுது) வந்ததும் வகுப்பே 'ஈயே' என்று கத்தியது; 'யக்கி' என்ற சொல்லை யாரோ ஏற்கெனவே டிவியில் கற்றிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அதற்குத் தடை போட்டேன். பிடிக்கவில்லையென்றால் "நோ, தேங்க் யூ." ஒருத்தன் சாப்பாட்டை இன்னொருத்தன் முகம் சுளித்துப் பார்க்கக் கூடாது.

மணி அடித்த பிறகு ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்தது: ஹாம் என்றால் பன்றி, அப்படியானால் ஹாம்பர்கரில்? ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது, பேர் அங்கிருந்து வந்தது என்றேன். நம்பினானா தெரியவில்லை.

14 ஜூலை, திங்கள்

சீன உணவகப் பட்டியல்களில் ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' என்று போட்டிருக்குமே, அது நம் கஞ்சிதான். போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கறியும் நம்முடையது. 'மல்லிகடானி' என்ற சூப், மிளகுத்தண்ணி. 'கெச்சப்' ஹொக்கியன் என்ற சீன மொழியில் மீன் சாற்றைக் குறித்த சொல். மலாயில் அது கிச்சாப் ஆகிவிட்டது.

பிள்ளைகளுக்கு மிளகுத்தண்ணிதான் பிடித்துப்போனது. "மல்லிகடானி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "நம்ம வார்த்தையை ஏன் டீச்சர் தப்பாச் சொல்றாங்க?" என்று ஒருத்தி உண்மையாகவே கோபப்பட்டாள். நாமும் பிஸ்கட்டை 'பிசுகோத்து' என்பதைச் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை.

16 ஜூலை, புதன்

'பிரேக்ஃபாஸ்ட்' சொல்லிக்கொடுக்க இந்த ஊர்த் தமிழே கைகொடுத்தது. 'ஃபாஸ்ட்' உண்ணாமல் இருப்பது, அதை 'பிரேக்' செய்கிறோம். நாம் "பசியாறியாச்சா?" என்று கேட்கிறோமே, அதேதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்றைக்கு என்ன பசியாறினீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். மைலோ, ரொட்டி, மீகூன்... ஒரு பையன் "நத்திங்" என்றான். உச்சரிப்பு மிகச் சரியாக இருந்தது. கேள்வியை உடனே "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மாற்றினேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் அவனுக்கு ஒரு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன். இனி அந்தக் கேள்வி என் பாடத்திட்டத்தில் வராது.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கூழ் வார்த்தார்கள். சின்ன வெங்காயம், மோர்மிளகாய், பெரிய அண்டா. நான் வரிசையில் நிற்கும்போதே முன்வரிசைப் பெண் இரண்டு கப்போடு ஓடிவந்து, ஒன்றை என் கையில் திணித்தாள்.

"டீச்சர், பாரிட்ஜ்! நோ ஃபீவர்!"

இனிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நோ, சவர். இட் இஸ் மேட் ஆஃப்..." நின்றுவிட்டாள். 'ஃபிங்கர் மில்லட்' என்று எடுத்துக்கொடுக்க எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் பின்னால் நின்ற அவள் பாட்டி, "கேவுருன்னு சொல்லும்மா, டீச்சருக்குத் தெரியும்" என்றார்.

"மேட் ஆஃப் கேவுரு," என்றாள்.