எஸ். முத்தையாவுக்காக ஒரு தமிழ் வரைபடம்

சென்னையின் வரலாற்றை எழுதியவர் என்று எஸ். முத்தையாவை அறிந்தவர்கள் பலர். அவர் நெடுங்காலம் வரைபடத் தொழிலில் இருந்தவர் என்பது அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1930இல் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராகப் பணியாற்றி, 1968இல் சென்னைக்கு வந்த அவர், டி.டி. மேப்ஸ் நிறுவனத்தில் வரைபடங்களையும் வழிகாட்டிகளையும் உருவாக்கினார். இந்நகரைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1981இல் வெளிவந்தது. 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 2019 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அவர் எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருப்பவர்களும் மூட்டை இறக்குபவர்களும் தங்கள் தெருவைப் பற்றி அவர் தேடிச் சேர்த்தவற்றை எப்படி அறிவார்கள்? ஆகவே சென்னை தினத்தை ஒட்டி அவருக்கு மரியாதை செய்ய நண்பர்கள் சிலர் கூடியபோது, படத்துக்கு மாலையிட்டுக் கூட்டம் நடத்துவதைவிட, அப்பகுதிக்குத் தமிழில் ஒரு வரைபடம் வெளியிடுவதே பொருத்தம் என்று முடிவு செய்தோம்.

வாசிப்பதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது. அவருடைய நூல்களிலும் நாளிதழ்ப் பத்திகளிலும் ஜார்ஜ் டவுன் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அட்டை எழுதினோம். பழைய பெயர், இன்றைய பெயர், ஆண்டு, தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பவை அதில் இடம்பெற்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும் என்பதால், அவருடைய வாக்கியங்களை எடுத்தாளவோ மொழிபெயர்க்கவோ இல்லை. செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் சொற்களில் எழுதினோம். இதே வகையில் தங்கள் ஊர் அறிஞரைப் போற்ற நினைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அடிப்படை வரைபடத்துக்கு, யாரும் பயன்படுத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தினோம். அதற்குரிய நன்றிக் குறிப்பை அச்சிட்டால் போதும். வரைபடம் உருவாக்க இந்தியர்களுக்கு முன்பு இருந்த கட்டுப்பாடுகளை 2021 பிப்ரவரியில் மத்திய அரசு பெருமளவு தளர்த்தியதும் எங்கள் வேலையை எளிதாக்கியது.

பிறகு, அட்டைகளுடன் தெருத்தெருவாக நடந்தோம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே, கிழக்கிந்தியக் கம்பெனி 1773இல் நட்ட எல்லைத் தூண்களுள் எஞ்சிய ஒன்று நிற்கிறது. 1758–59இல் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட அனுபவத்துக்குப் பிறகு, கோட்டைக்கு எதிரே எதிரி மறைந்துகொள்ளக் கட்டடம் எதுவும் இருக்கக் கூடாது என்று திறந்தவெளியாக விடப்பட்ட நிலத்தின் எல்லையை அது குறித்தது. அந்த வெளியில்தான் பின்னாளில் உயர் நீதிமன்றம் எழுந்தது. அதன் வளாகத்தில் 1844ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கத் தூண் இன்றும் இருக்கிறது. நெருக்கமான தெருக்கள் ஏன் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வடக்கே தொடங்குகின்றன என்பது, வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த எல்லைத் தூணருகே நின்றபோது எங்களுக்கு முழுமையாக விளங்கியது. வரலாறும் வரைபடமும் முத்தையாவிடம் ஒன்றாக இருந்ததன் பயனை நான் உணர்ந்த இடம் அதுவே.

அரண்மனைக்காரத் தெருவில், 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்தில் நெடுநேரம் இருந்தோம். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்ற செய்திக்கு, வரைபடத்தில் மற்றவற்றைவிட அதிக இடம் ஒதுக்கினோம். பிராட்வே போன்ற இடங்களில், மக்கள் வழங்கும் பெயரையும் பிரகாசம் சாலை என்ற அதிகாரப்பூர்வப் பெயரையும் சேர்த்தே அச்சிட்டோம்.

வரைபடத்தைக் கண்காட்சியாக வைக்க ஒரு நூலகக் கூடத்தைக் கேட்டோம். விண்ணப்பத்துடன் காட்சிப் பொருட்களின் பட்டியலையும் இணைத்ததால் அனுமதி தாமதமின்றிக் கிடைத்தது.

வாசகர்கள் அனுப்பும் திருத்தங்களுக்கும் கூடுதல் செய்திகளுக்கும் முத்தையா தம் பத்தியில் தனி இடம் அளித்துவந்தார். அம்முறையைப் பின்பற்றி, வரைபடத்தின் அருகே ஒரு குறிப்பேட்டை வைத்தோம். பார்வையாளர்கள் பழைய அச்சகங்கள், மூடப்பட்ட கிணறுகள், பெயர் மாறிய சந்துகள் ஆகியவற்றை அதில் எழுதிச் சென்றிருக்கிறார்கள். ஆவணங்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணி இப்போது நடைபெறுகிறது. உறுதியானவை இரண்டாம் அச்சில் சேர்க்கப்படும்.