கோத்தகிரி இறக்கமும் யார்க்‌ஷயர் கேரவனும்

கோத்தகிரியில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து, பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கும் அக்கம்பக்கத்தார் என் கைப்பேசியில் உள்ள கேரவன், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டின், படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னக் கார் அவ்வளவு பெரிய வீட்டை இழுக்குமா?" என்றே கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். கேள்வியே போதாது என்று எனக்குச் சொன்னவர் இந்த அண்ணன்.

இடம்பெயர்வது எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தாத்தா, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். என் மனைவிக்குச் செவிலியர் வேலை கிடைத்து நாங்கள் யார்க் நகருக்குச் சென்றது 2022-இல். அங்கே இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம். அதற்குள் அந்நாட்டுத் தேர்வுகளை எழுதி, ஓட்டிக் காட்டி, புதிய உரிமம் பெற வேண்டும். அதைப் பெற்ற பிறகு, பள்ளி விடுமுறை நாள்களில் கடற்கரை ஊர்களில் நான்கு பேருக்கு அறை எடுக்கும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, பழைய கேரவன் ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

விற்பவர் காட்டிய கேரவனின் உச்ச எடை, அதாவது சாமான்களோடு சேர்த்து அது இருக்கக்கூடிய எடை, 1,400 கிலோ. எங்கள் காரின் பதிவுச் சான்றிதழில் 'ஓ.1' என்ற இடத்தில், பிரேக் உள்ள இழுவண்டிக்கான (டிரெய்லருக்கான) வரம்பு 1,500 கிலோ என்று இருந்தது. என் உரிமமோ 3,500 கிலோ வரையிலான இழுவண்டியை இழுக்க அனுமதித்தது; 2021 டிசம்பர் 16 முதல் அங்கே சாதாரண கார் உரிமத்துக்கே அந்த அனுமதி உண்டு. "தாராளமாக இழுக்கும்" என்றார் விற்பவர். முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் இரவு அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் இருபது ஆண்டுகளாகப் பச்சை இலைச் சாக்குகளைத் தொழிற்சாலைக்கும், தூள் மூட்டைகளை மேட்டுப்பாளையத்துக்கும் ஏற்றிச் செல்பவர்.

"தம்பி, இழுக்குமா என்று கேட்காதே. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புமா, இறக்கத்தில் பின்னால் இருக்கிற சுமை வண்டியைத் தள்ளாமல் இருக்குமா என்று கேள். உன் வண்டி எடை எவ்வளவு, பின்னால் வருவது எவ்வளவு?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே டார்ச் விளக்குடன் காரின் கதவைத் திறந்து, தயாரிப்பாளர் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தேன். அதில் நான்கு எண்கள் உண்டு: முதலாவது, ஆட்களும் சாமான்களும் ஏறிய காரின் உச்ச எடை, இரண்டாவது, காரும் கேரவனும் சேர்ந்த மொத்த உச்ச எடை, மற்ற இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகள். எங்கள் தகட்டில் முதல் எண் 1,950, இரண்டாம் எண் 3,250. காரை முழுவதும் நிரப்பினால் கேரவனுக்கு மிஞ்சுவது 1,300 கிலோதான். சான்றிதழ் 1,500 என்கிறது, உரிமம் 3,500 என்கிறது; ஆனால் குடும்பத்தோடும் மூட்டைகளோடும் கிளம்பும் நாளில் அந்த 1,400 கிலோ கேரவனை நிரப்பி இழுத்திருந்தால் நாங்கள் சட்டத்தை மீறியிருப்போம். இந்த வரம்புகளில் எது மிகக் குறைவோ அதுவே நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உரிமத்தில் உள்ள பெரிய எண்ணை நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது சட்டத்தில் இல்லாத, ஆனால் நான் சட்டத்துக்கு இணையாக மதிக்கும் கணக்கு. காரின் வெற்றெடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் கேரவனின் உச்ச எடை போகக்கூடாது என்று, குறிப்பாகப் புதிதாக இழுப்பவர்களுக்கு, அந்நாட்டுக் கேரவன் சங்கங்கள் அறிவுறுத்துகின்றன. எங்கள் காரின் எடை, சான்றிதழில் 'ஜி' என்ற இடத்தில் உள்ளபடி, 1,450 கிலோ. அதில் 85 விழுக்காடு ஏறத்தாழ 1,232. விற்பவர் காட்டியதோ 96 விழுக்காட்டைத் தாண்டியது. பின்னால் வருவது முன்னால் இழுப்பதற்குச் சமமாக இருந்தால், பக்கக் காற்றிலோ பெரிய லாரி கடந்து செல்லும்போதோ கேரவன் பாம்பைப் போல நெளியத் தொடங்கும். இறக்கத்தில் வேகம் கூடக்கூட அந்த நெளிவும் கூடும். அப்போது ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டுமே தவிர, பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறும்போது எஞ்சின் கீழ்முனையில் நின்று பெட்டிகளைத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கனமானது சுமைக்குக் கீழே நிற்பதன் காரணம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஏற்றத்தைப் பற்றிய அண்ணனின் கேள்விக்கும் விடை இருந்தது. முழுச் சுமையுடன் 12 விழுக்காட்டுச் சரிவில் ஐந்து நிமிடங்களுக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப முடிகிறதா என்பதே ஐரோப்பாவில் இழுவை வரம்பை வகுக்கும் சோதனைகளுள் ஒன்று. நான் முதலில் இதை நம் மலை ரயிலின் 12-க்கு 1 என்ற சரிவோடு குழப்பிக்கொண்டேன். அந்தச் சரிவு எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். அதற்கே பல்சக்கரத் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. 12 விழுக்காடு அதைவிடக் கடுமையானது. யார்க்கில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சட்டன் பேங்க் என்ற ஏற்றமோ 25 விழுக்காடு. அதில் கேரவன்களுக்கு அனுமதியே கிடையாது. நீலகிரியின் கல்லட்டி இறக்கத்தில் முதல், இரண்டாம் கியரைத் தவிர வேறெதையும் நினைக்கக்கூடாது என்று பழகிய நமக்கு அந்தத் தடையின் நியாயம் எளிதில் புரியும். இன்னொன்று: 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் மொத்த எடையில் 10 விழுக்காட்டைக் குறைக்கும்படி பல கார்களின் கையேடுகள் சொல்கின்றன. பிரிட்டனில் அவ்வளவு உயரத்தில் பொதுச் சாலை இல்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலைக்கு இழுத்துச் செல்ல ஆசைப்படுபவர்கள், கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருப்பதையும், இங்கே வந்து சேரும் வண்டிகள் மூச்சு வாங்குவதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பணம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் தேடி, உச்ச எடை 1,230 கிலோ உள்ள கேரவனை வாங்கினோம். அதன் வெற்றெடை 1,080. ஆகவே எங்கள் சாமான்களுக்கு 150 கிலோ. கேட்கும்போது நிறையத்தான் தோன்றியது. பேட்டரி, எரிவாயு உருளை, முன்கூடாரம், பாத்திரங்கள், படுக்கைகள், பத்துக் கிலோ அரிசி, மாவு அரைக்கும் கிரைண்டர் என்று மனைவி ஒவ்வொன்றாகக் குளியலறை எடைக்கருவியில் வைத்து எழுதிக்கொண்டே வந்தபோது, அந்த 150 கரைந்துபோவதை இருவரும் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியை வெறுமையாகவே கொண்டுசெல்ல வேண்டும். 40 லிட்டர் என்றால் 40 கிலோ.

எடையைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியம். கேரவனின் முன்முனை காரின் பின்னால் உள்ள இழுவைக் கொக்கியின் குண்டு மீது அழுத்தும் எடையை அங்கே மூக்கு எடை என்கிறார்கள். நிரம்பிய கேரவனின் எடையில் அது 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும். எங்களுக்கு அது ஏறத்தாழ 62 முதல் 86 கிலோ. ஆனால் காரின் கொக்கி தாங்குவது 75 கிலோ என்பதால் அதற்குள்தான் நிறுத்த வேண்டும். இதை அண்ணனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இலைச் சாக்குகளைப் பின்கதவருகே குவித்தால் ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் பிடி இழப்பதை அவர் அறிவார். கனமானவற்றை அச்சுக்கு அருகே, தரையோடு வைத்து, லேசானவற்றை மட்டும் மேல் அலமாரிகளில் வைக்கிறோம். கேரவனின் பின்கோடியில் கனமான எதையும் வைப்பதில்லை.

முதல் பயணத்துக்கு முன் பொது எடைமேடைக்குச் சென்று, கேரவனைத் தனியே கழற்றி நிறுத்தி எடை போட்டோம். 1,260 காட்டியது. நாங்கள் எழுதிவைத்த பட்டியலில் முன் உரிமையாளர் பொருத்தியிருந்த சூரிய மின்தகடும் கூடுதல் அலமாரியும் இல்லை. கிரைண்டரையும் அரிசியையும் கூடாரத்தின் கம்பிகளையும் காருக்கு மாற்றினோம். அவை காரின் கணக்கில் ஏறின, மனைவி, பிள்ளைகள், மூக்கு எடை எல்லாம் சேர்த்தும் கார் 1,950-க்குள் நின்றது. மறுபடி போட்டபோது கேரவன் 1,220. கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாக இழுக்கும் கம்பியைக் கொக்கியில் மாட்டி, இருபுறமும் நீட்டுக் கண்ணாடிகளைப் பொருத்தி, நடுவில் தடுப்புப் பிரிவில்லாத சாலைகளில் மணிக்கு 50 மைல் என்ற வரம்புக்குள் ஸ்கார்பரோ கடற்கரைக்குச் சென்று சேர்ந்தோம். எடைமேடைச் சீட்டின் படத்தை அன்று மாலையே அண்ணனுக்கு அனுப்பினேன். அதன் அச்சுப் பிரதி இப்போதும் அவருடைய தேயிலை வண்டியின் முன்பெட்டியில், தொழிற்சாலை எடைச்சீட்டுகளோடு இருக்கிறது.